இலவம் பனி

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதும்
சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றிவிட்டார்.
"என்னா வெக்கை!"
டிசம்பர் இருபத்திரண்டு, விடியற்காலை ஐந்தரை.
மப்ளர் சுற்றிய ஆட்டோக்காரர்
அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

தண்ணியில்லாத ஆறு, ராசாவில்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில் என்று
எங்கள் ஊரைக் கேலி பேச ஒரு பட்டியல் உண்டு.
சாமி திரும்பி வந்து எத்தனையோ வருடம்,
பட்டியல் மட்டும் திருந்தவில்லை.
செலின் இந்த வருடம் ஒன்று சேர்த்தாள்:
பனியில்லாத கிறிஸ்துமஸ்.

குடிலுக்குப் பனி வேண்டும் அவளுக்கு.
போன வருடம் மருந்துக்கடைப் பஞ்சு,
நான் காசு கொடுத்து வாங்கியதுதான்;
ஆனாலும் பெத்லகேமில்
டெட்டால் வாசனை அடித்ததாம்.
அதற்கு முந்தின வருடம் அரிசிமாவு. எறும்பு.
தெர்மாகோல் உதிர்த்தால் ஜெனோ தின்றுவிடுவான்.

"நெஜப் பனி பாத்தவரு நீங்கதானப்பா,
எப்படி இருக்கும் சொல்லுங்க."
அதிரசத்தைப் பிட்டுக்கொண்டே
"வெள்ளையா இருக்கும்" என்றார்.
அவ்வளவுதான்.
பதினான்கு மாதம் அதன்மேல் படுத்து எழுந்த மனுஷன்.

இடது காலின் சுண்டுவிரல்
அங்கேயே தங்கிவிட்டது.
பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு,
அப்பா விரல் எண்ணுவது.
ஜெனோ எப்போதும் பத்தில்தான் முடிப்பான்,
ஏதோ ஒரு விரலை இரண்டு முறை தொட்டு.

மெத்தைக்கடை நசீமா அக்கா
பழைய தலையணை இரண்டு கொடுத்தனுப்பினார்.
"சுத்தமான இலவம். கொழந்தைக்குத்தானே,
காசெல்லாம் வேணாம்."

அவர் தலையணைகளோடு மாடி ஏறினார்.
தண்ணீர்த் தொட்டி அருகில் நின்று
தையலைப் பிரித்து, குனிந்து,
உள்ளங்கை உள்ளங்கையாய் விட்டார்.

சத்துவாச்சாரி மூன்றாவது குறுக்குத் தெருவில்
காலை பத்து மணிக்குப் பனி பெய்தது.
ஒரு அவசரமும் இல்லாமல் பெய்தது.
கேபிள் வயரில், செம்பருத்தியில்,
இஸ்திரி வண்டியின் தகரத்தில்,
யாரோ காயப்போட்ட வடகத்தில்.
எதிர்வீட்டுப் பிள்ளைகள் வாய் திறந்து நின்றார்கள்.
இஸ்திரிக்காரர் மட்டும் திட்டினார்,
பிறகு அவரும் ஒரு பிடி எடுத்து
செலின் தலையில் எறிந்தார்.

இலவம் பஞ்சு உருட்டினால் உருளாது.
பனிமனிதன் இடுப்புவரைகூட எழும்பவில்லை.
தலைமுழுக எண்ணெய் தேய்த்துக் காத்திருந்த
ஜெனோவைத் தூக்கிவந்து
பஞ்சில் ஒரு புரட்டு புரட்டினாள் அக்காக்காரி.
மூக்குக்கு வெண்டைக்காய்.
அசையாமல் நிற்கச் சொன்னதற்கு
நான்கு நிமிடம் நின்றான், அவன் வாழ்நாள் சாதனை.

கீழே இறங்கி வந்தார்.
மீசையில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.
அதை அவர் தட்டிய வேகத்தை நான் பார்த்தேன்.
கங்கு தெறித்தால்தான் அப்படித் தட்டுவார்கள்.
அடுத்த நொடி பெருந்தும்மல் ஒன்று போட்டார்,
தெருவே சிரித்தது,
நானும் சிரித்தேன்.

நடுராத்திரிப் பூசை முடிந்து வந்து
ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்தோம்.
இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
விசிறி எடுக்க எழுந்தவளைப்
பிடித்து உட்காரவைத்தார்.
"வேர்க்கட்டும் ரெஜினா.
எவ்ளோ நாளாச்சு."
நெற்றியில் துளிர்த்ததைத் துடைக்காமல்
இருட்டில் ரொம்ப நேரம் கிடந்தார்.
பிறகு எழுந்து போனார். தண்ணீர் குடிக்க என்று நினைத்தேன்.

காலையில் செலின் போட்ட கூச்சலில்
காலர் கதவு தட்டியிருப்பார் பக்கத்து வீட்டுக்காரர்,
பண்டிகையாகப் போய்விட்டது.
"பாலனைக் காணோம்!"
வைக்கோல் தொட்டியில், இலவம் பனி நடுவே,
முழங்கால் நீளத்துக்கு
ஒரு பச்சைக் கம்பளி சாக்ஸ் படுத்திருந்தது.
கைவிட்டுத் துழாவினாள்.
உள்ளே கழுத்துவரை கதகதப்பாய் இருந்தார்.

சமையலறையில் பிரியாணிக்கு
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்
திரும்பாமலே சொன்னார்:
"குளிரும்ல."

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
"தொவைச்சதா?"
என்று மட்டும் கேட்டேன்.